எட்டரை ஏக்கரும் ஏழாவது பெயரும்

கேள்வி: நான் திருச்சியில் பிறந்தவள். திருமணமாகி 19 வருடமாக ஹரியானாவில், கர்னாலில் இருக்கிறேன். கணவர் குடும்பம் 1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபின் ஷேக்குபுரா மாவட்டத்திலிருந்து வந்தது. மாமனாருக்கு இப்போது 86 வயது, வரும்போது எட்டு. போன மாதம் ஒரு பழைய டிரங்குப் பெட்டியை ஒழுங்கு செய்தபோது உருதுவில் எழுதிய காகிதங்கள் கிடைத்தன. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் படித்துச் சொன்னார். ஒன்றில், விட்டு வந்தது 30 ஏக்கர், ஒதுக்கியது 21½ ஏக்கர் என்று இருக்கிறதாம். மீதி எட்டரை ஏக்கருக்கு இன்றைய விலையில் நஷ்டஈடு வாங்கித் தர ஒரு ஏஜென்ட் இருக்கிறார், முன்பணம் 40,000 ரூபாய், அசல் காகிதமும் வேண்டும் என்கிறார் கணவரின் சித்தப்பா மகன். என் அலுவலகத்தில் இருக்கும் வங்காளித் தோழியோ, "உங்களுக்காவது நிலம் கொடுத்தார்கள், எங்களுக்கு என்ன கொடுத்தார்கள்?" என்கிறார். அது ஏன்? இன்னொரு காகிதத்தில் குடும்பத்தார் பட்டியல். மாமனார் எப்போதும் "நாங்கள் ஆறு பேர் வந்தோம்" என்பார். பட்டியலில் ஏழு பெயர். ஏழாவது, 16 வயதுப் பெண். அதைப் படித்ததும் பெரியவர் ஒன்றும் பேசாமல் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாமனாரிடம் கேட்கலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும், செல்போனில் எடுத்து அனுப்பிய ஐந்து படங்களையும் இரண்டு நாள் வைத்துப் படித்தேன். நான் டெல்லியில் முப்பது வருடத்துக்கு மேலாகச் சொத்து வழக்குகள் நடத்தும் வக்கீல். இந்தப் பக்கத்தில் மூலப்பத்திரத்தைத் தேடிக்கொண்டே போனால் பல வீடுகளில் அது 1947-ல் போய் நிற்கும். அதற்காகவே உருது எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் காகிதம் எதுவும் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். மாமனாரிடம் பவர் பத்திரம் என்று எதையாவது நீட்டினால் கையெழுத்தோ கைநாட்டோ போட விடாதீர்கள். பணம் போனால் நாற்பதாயிரத்தோடு போகும். பவர் கைமாறினால் இன்று நீங்கள் குடியிருக்கும் வீடே வம்பில் மாட்டும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பாகிஸ்தானில் சொத்தை விட்டு வந்தவர்களின் க்ளைம்களைச் சரிபார்க்க 1950-ல் ஒரு சட்டம் வந்தது. இங்கிருந்து போனவர்கள் விட்டுச்சென்ற சொத்துகளை நிர்வகிக்க அதே ஆண்டில் இன்னொரு சட்டம். அந்தச் சொத்துகளை வைத்து, வந்தவர்களுக்கு இழப்பீடும் மறுவாழ்வும் கொடுக்க 1954-ல் மூன்றாவது சட்டம். இந்த மூன்றையும் நாடாளுமன்றம் 2005-ல் ரத்து செய்துவிட்டது. அதனால் புதிதாக க்ளைம் கொடுக்க இன்று சட்டமும் இல்லை, வாங்கிப் பார்க்க அதிகாரியும் இல்லை. பாகிஸ்தான் பக்கம் கேட்கவும் வழியில்லை. உங்கள் குடும்பம் விட்டு வந்த நிலத்தை அந்த நாட்டுச் சட்டம் அங்கே போய்ச் சேர்ந்த அகதிகளுக்கு அப்போதே பிரித்துக் கொடுத்துவிட்டது.

சரி, பணம் கிடையாது. ஆனால் கணவரின் தம்பி முறைக்காரர் நினைப்பதுபோல உங்கள் பெரியவர்களை யாரும் எட்டரை ஏக்கர் ஏமாற்றவும் இல்லை. இதை நான் வெறும் நம்பிக்கையில் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

1947-ல் மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டு வந்த நிலம் சுமார் 67 லட்சம் ஏக்கர். கிழக்குப் பஞ்சாபிலிருந்து (கர்னாலும் அப்போது அதில்தான்) போன முஸ்லிம்கள் விட்டுச்சென்றது சுமார் 47 லட்சம் ஏக்கர். இருபது லட்சம் ஏக்கர் குறைவு. போதாக்குறைக்கு, விட்டு வந்தது கால்வாய் பாய்ந்த நிலம், கிடைத்ததில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. ஏக்கருக்கு ஏக்கர் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் நியாயமாக இருக்காது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் பொறுப்பு தர்லோக் சிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியிடம் வந்தது. பொருளாதாரம் படித்தவர். ஜலந்தரில் அலுவலகம் போட்டு உட்கார்ந்தார். அவர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, 'ஸ்டாண்டர்ட் ஏக்கர்' என்ற அளவு. பரப்பைப் பார்க்காமல் விளைச்சலைப் பார்ப்பது. பத்துப் பதினோரு மணங்கு (ஒரு மணங்கு சுமார் 37 கிலோ) தானியம் விளையும் நிலம் எவ்வளவோ, அது ஒரு ஸ்டாண்டர்ட் ஏக்கர். கால்வாய்ப் பாசன நிலத்தில் ஓர் ஏக்கரே ஏறக்குறைய ஒரு ஸ்டாண்டர்ட் ஏக்கராகிவிடும். வறண்ட நிலத்தில் அதற்கு நாலு ஏக்கர்கூட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, படிப்படியான வெட்டு. நம் வருமான வரி அடுக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து ஏக்கரில் 25 சதவீதம் கழிப்பார்கள். பத்துக்கு மேல் முப்பது வரை 30 சதவீதம். மேலே போகப்போக வெட்டும் கூடும். 500 ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு, அந்த மேல்பகுதியில் 95 சதவீதம் போய்விடும். இருபது லட்சம் ஏக்கர் பற்றாக்குறையில் பெரும் பங்கைப் பெரிய பண்ணையார்கள் தலையில் ஏற்றி, சின்ன விவசாயியைப் பிழைக்க விடுவதுதான் இதன் நோக்கம். சுதந்திரம் வந்த கையோடு, ரத்தம் காயாத நேரத்தில், இப்படி ஒரு நியாயத்தை யோசித்து நடத்திக் காட்டியிருக்கிறார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். முப்பது ஏக்கரில் முதல் பத்துக்கு 25 சதவீதம் கழித்தால் ஏழரை. அடுத்த இருபதுக்கு 30 சதவீதம் கழித்தால் பதினாலு. கூட்டினால் இருபத்தொன்றரை. உங்கள் சீட்டில் இருக்கும் அதே எண். யாரும் ஒரு மரக்கால் நிலம்கூடத் தின்னவில்லை.

பெரியவர் மேல்வரியை மட்டும் படித்திருக்கிறார் போலிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி, கீழே பட்வாரி, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை, சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 21½ என்பது ஸ்டாண்டர்ட் ஏக்கர். கர்னாலில் அதற்கு ஈடாகத் தரையில் அளந்து கொடுத்தது 50 ஏக்கருக்கு மேல். நிறையக் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஷேக்குபுராவில் மதகைத் திறந்தால் தண்ணீர் வரும். இங்கே முதல் சில வருடம் அந்த மண்ணைப் பயிருக்குக் கொண்டுவருவதற்குள் உங்கள் தாத்தா மாமனார், அதாவது மாமனாரின் அப்பா, என்ன பாடுபட்டிருப்பார் என்பது எந்தச் சீட்டிலும் இல்லை.

இந்த 30 என்ற எண் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிடிக்கும். 1948 மார்ச் 10-ம் தேதி முதல் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்துக்குள் ஐந்து லட்சத்துக்கு மேல் வந்துவிட்டது. பழைய நிலப் பதிவேடுகள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். யார் எவ்வளவு வைத்திருந்தார்கள் என்று எப்படித் தெரியும்? ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்தார்கள். அதிகாரி ஒவ்வொரு க்ளைமாகச் சத்தமாகப் படிப்பார். "இன்னார், இன்ன ஊர், இத்தனை ஏக்கர்." கூட்டம் ஆமாம் என்று சொல்லும், அல்லது திருத்தும், அல்லது பொய் என்று சொல்லிவிடும். பிறகு பாகிஸ்தானிலிருந்து ஜமாபந்தி, அதாவது நம் ஊர் 'அ' பதிவேடு மாதிரியானது, வந்து சேர்ந்ததும் அதோடு ஒத்துப் பார்த்தார்கள். கூட்டிச் சொன்னவர்களுக்குத் தண்டனையும் இருந்தது. உங்கள் சீட்டின் ஓரத்தில் மூன்று கைநாட்டு இருக்கிறது, பாருங்கள். அதற்குக் கீழே எழுதியிருப்பது சாட்சிகள் பெயர், அதே கிராமத்துக்காரர்கள். வீடு, மாடு, ஊர் எல்லாம் போன பிறகு, "இவன் சொல்வது உண்மை" என்று சொல்லப் பக்கத்து வயல்காரன் மட்டும் மிச்சமிருந்திருக்கிறான். 1949 நவம்பருக்குள் இப்படி இரண்டரை லட்சம் ஒதுக்கீடுகளை முடித்தார்கள்.

ஊரோடு ஊராகக் குடியேற்றவும் முயன்றார்கள். ஷேக்குபுராக்காரர்கள் பலர் கர்னால் பக்கம் இருப்பது தற்செயல் இல்லை. இன்ன மாவட்டத்தார் இன்ன மாவட்டத்துக்கு என்று திட்டமிட்டுத்தான் அனுப்பினார்கள். உங்கள் தெருவில் பேச்சுவழக்கு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் அதற்கும் இதுதான் காரணம்.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். எட்டரை ஏக்கர் போனதைப் பற்றி உங்கள் வீட்டில் பேசும்போது, வந்த இருபத்தொன்றரை யாருடையது என்ற பேச்சு வந்ததா? அதுவும் ஒரு குடும்பத்தினுடையதுதான். பழைய ஜமாபந்திகளில் நானே பார்த்திருக்கிறேன். உரிமையாளர் கலத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பெயர்கள் வரும். அப்புறம் ஒரு வருடம் திடீரென்று அவை அடிக்கப்பட்டு 'கஸ்டோடியன்' என்று ஒற்றைச் சொல் இருக்கும், போனவர்களின் சொத்தைப் பொறுப்பில் எடுத்த அரசு அதிகாரி. அதற்கடுத்த பதிவில் உங்கள் வீட்டுத் தாத்தா மாதிரி ஒருவரின் பெயர். அந்த அடிக்கப்பட்ட பெயருக்கு உரியவர் அங்கே எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து தன் ஏக்கரைச் சொன்னாரோ. பாகிஸ்தானின் 1951 கணக்கெடுப்பில் அப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் 72 லட்சம் பேர். இந்தியாவின் கணக்கெடுப்பில் இங்கே வந்தவர்கள் 73 லட்சம். உங்கள் தாத்தா மாமனார் யாரிடமிருந்தும் பறிக்கவில்லை, அரசு கொடுத்ததை வாங்கினார். ஆனாலும் சித்தப்பா மகனிடம் இதை ஒருதரம் சொல்லிப் பாருங்கள். ஏஜென்ட் சொல்லும் கணக்கு அப்போது அவர் காதிலேயே வேறு மாதிரி விழும்.

உங்கள் வங்காளித் தோழி சொல்வது உண்மை. அவரோடு இதில் வாதாட வேண்டாம். பஞ்சாபில் சில மாதங்களுக்குள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய முழுதாக இடம் மாறியது. அதனால் காலியான நிலம் இருந்தது, பிரித்துக் கொடுத்தார்கள். வங்காளத்தில் அலை அலையாக, வருடக்கணக்காக வந்தார்கள். இவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று டெல்லி நம்பியது, 1950 ஏப்ரலில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானும் போட்ட ஒப்பந்தமும் அந்த நம்பிக்கையில் போட்டதுதான். பஞ்சாபிக்குக் கிடைத்ததுபோல விட்டு வந்த சொத்துக்கு ஈடு கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. கல்கத்தாவின் சியால்டா ரயில் நிலைய மேடையிலேயே குடும்பம் நடத்தினார்கள். கல்கத்தாவின் தெற்கே காலி இடங்களில் தாங்களே குடிசை போட்டுக் காலனி ஆக்கிக்கொண்டார்கள். பிஜய்கர், ஆசாத்கர் எல்லாம் அப்படி வந்தவை. 1958-ல் தண்டகாரண்யத் திட்டம் வந்தது. ஆற்றுக் கழிமுகத்தில் நெல்லும் மீனுமாக வாழ்ந்தவர்களை ஒடிசாவின் கோராபுட்டுக்கும் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பஸ்தருக்கும், மேட்டுக் காட்டுக்குள் அனுப்பினார்கள். அங்கே இருக்க முடியாமல் சுந்தரவனத்துக்குத் திரும்பி, மரிச்ஜாப்பித் தீவில் குடியேறியவர்களை 1979-ல் போலீஸை வைத்து வெளியேற்றினார்கள். உயிர்களும் போயின. ஒரே பிரிவினை, ஒரே நாட்டு அகதிகள், இரண்டு விதமான நடத்தை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தோழியின் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பேசுவதையும் ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள்.

இனி ஏழாவது பெயர்.

இதை எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்துபோனேன். அந்த நாலாவது படத்தில் இருப்பது நிலத்துக்கான காகிதம் இல்லை. உங்கள் தாத்தா மாமனார் 1948-ல் எழுதிக் கொடுத்த ஒரு மனுவின் நகல். ஏழு பெயருக்கும் எதிரே வயது இருக்கிறது. ஏழாவது பெயருக்கு மட்டும், வயதுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை கூடுதலாக இருக்கிறது: 'லாபதா.' காணவில்லை என்று பொருள்.

அந்த நாட்களில் இப்படிப் பல ஆயிரம் மனுக்கள் எழுதப்பட்டன. இரண்டு பக்கமும் பெண்கள் கடத்தப்பட்டார்கள். இந்திய அரசின் மதிப்பீட்டின்படி பாகிஸ்தானில் சுமார் 33,000 இந்து, சீக்கியப் பெண்கள். இந்தியாவில் சுமார் 50,000 முஸ்லிம் பெண்கள். 1947 டிசம்பர் 6-ம் தேதி இரு நாடுகளும் இவர்களை மீட்க ஒப்புக்கொண்டன. காந்தியவாதியான மிருதுளா சாராபாய் இந்த வேலையை முன்னின்று நடத்தினார். காணாமற்போனவளின் பெயர், வயது, அப்பா பெயர், ஊர் என்று உறவினர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அதைப் பட்டியலாக்கித் தேடுவார்கள். 1949-ல் இதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. சில ஆண்டுகளில் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 30,000 பெண்கள் மீட்கப்பட்டார்கள்.

'மீட்கப்பட்டார்கள்' என்ற சொல்லை எழுதும்போதே எனக்குத் தயக்கம் வருகிறது. திரும்பி வரத் துடித்த பெண்கள் இருந்தார்கள். வர மறுத்தவர்களும் இருந்தார்கள். கையில் குழந்தை இருந்தது, அல்லது வீட்டில் தன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம் இருந்தது, அல்லது அங்கேயே ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டது. அந்தச் சட்டம் அவர்கள் விருப்பத்தைக் கேட்கவில்லை. திரும்பி வந்த பெண்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காந்தியும் நேருவும் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், எத்தனை வீட்டுக் கதவுகள் அடைத்திருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போக இடமில்லாதவர்களை ஜலந்தரின் காந்தி வனிதா ஆசிரமம் மாதிரி இடங்களில் வைத்துத் தையலும் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் சகோதரி, உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இதுதான் நடந்தது என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஒற்றை வார்த்தைக்கு வேறு அர்த்தங்களும் இருந்தன. காஃபிலா என்று சொல்லும், நடந்தே எல்லை கடந்த கூட்டங்களில் மைல் கணக்கில் ஜனம் நடந்தது. அந்த செப்டம்பரில் பஞ்சாபில் பெருவெள்ளம். காலராவும் இருந்தது. கைவிட்டுப் போனவள் எங்கே விழுந்தாள் என்று தெரியாத குடும்பங்களும் லாபதா என்றுதான் எழுதின. மானம் போகும் என்று பயந்து சொந்த மனிதர்களே பெண்களைக் கொன்றதும் நடந்தது. ராவல்பிண்டி பக்கம் தோவா கால்சா என்ற ஊரில் 1947 மார்ச்சில் ஏறக்குறைய தொண்ணூறு பெண்கள் கிணற்றில் குதித்துச் செத்தார்கள். அப்படிப்பட்டதை வெளியில் சொல்ல முடியாமல் வேறு வார்த்தை எழுதியவர்களும் இருந்திருக்கலாம். உங்களிடம் இருப்பது ஒரு வார்த்தை மட்டும்தான். உங்கள் தாத்தா மாமனார் அவளைத் தேடினார், அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டார், அதன் நகலைச் சாகும்வரை பெட்டியில் வைத்திருந்தார். இதுவரைதான் நாம் உறுதியாகச் சொல்லலாம்.

மாமனாரிடம் கேட்கலாமா என்கிறீர்கள். நேராகக் கேட்காதீர்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன் நீட்டி "இது யார்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அவர் அப்போது எட்டு வயதுப் பையன். 16 வயது அக்கா என்றால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவளாகக்கூட இருக்கலாம். அவளை அவர் மறந்திருக்க வழியில்லை. எழுபது வருடத்துக்கு மேலாக "ஆறு பேர்" என்று சொல்லி வருகிறார் என்றால், அப்படிச் சொல்ல அந்த வீடு அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 'நாங்கள் ஆறு பேர் வந்தோம்' என்பது பொய்யும் இல்லை, கவனித்தீர்களா? வந்தது ஆறு பேர்தான்.

பல வருடம் முன்பு ஒரு வழக்குக்காக ஒரு முதியவரிடம் இப்படி அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன். வாரிசுப் பட்டியல் சரியாக வேண்டும் என்ற வக்கீல் புத்தி. அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார், அது தரையில் வைக்கும்வரை ஆடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு என்னிடம் எதையுமே பேசவில்லை. வழக்கு ஜெயித்தது. ஆனால் நான் செய்தது தப்பு.

கேட்க வேண்டியது வேறு. வீட்டைப் பற்றிக் கேளுங்கள். வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, எருமை எத்தனை, ராத்திரி யார் யார் மாடியில் படுப்பீர்கள். ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு வரையும்போது வார்த்தை தானாக வரும். அப்புறம் முகாமைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் மூன்றாவது படம் குருக்ஷேத்திர முகாமின் ரேஷன் சீட்டு. ஒரு லட்சம் பேருக்கென்று போட்ட அந்த முகாமில் மூன்று லட்சம் பேர் வரை இருந்தார்கள். நாளுக்கு நூறு டன் மாவு தேவைப்பட்டது. ராத்திரியில் திரை கட்டிப் படம்கூடக் காட்டினார்கள். ஒரு எட்டு வயதுப் பையன் அதை மறக்கமாட்டான். அங்கிருந்து பேச ஆரம்பியுங்கள். அவளைப் பற்றிச் சொல்ல நினைத்தால் அவராகவே சொல்வார். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அவருடைய தங்கை ஒருவர் லூதியானாவில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த பூவாஜியிடம் (உங்கள் கணவரின் அத்தையிடம்), தனியாக, சமையலறையில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஆண்கள் வாய் திறக்காத பல விஷயங்கள் பெண்கள் வழியாகத்தான் குடும்பங்களில் தங்குகின்றன. நீங்கள் வேற்று ஊரிலிருந்து வந்த மருமகள் என்பது இதில் நல்லதுதான். உங்களிடம் சொல்வது அந்த வீட்டின் மானத்தை வெளியில் சொல்வதுபோல அவருக்குத் தோன்றாது, உள்ளேயே சொன்ன மாதிரியும் இருக்காது. ஆனால் சித்தப்பா மகனுக்கு இந்தக் காகிதத்தைக் காட்டவே வேண்டாம். வீட்டு விசேஷத்தில் எல்லோர் முன்னாலும் அந்தப் பெயர் உடைபட்டால் மாமனார் தாங்கமாட்டார்.

மாமனார் பேச ஆரம்பித்தால், அனுமதி கேட்டுச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிரிவினையைப் பார்த்தவர்களின் நினைவுகளைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அமிர்தசரஸில் டவுன்ஹால் கட்டடத்தில் 2017-ல் திறந்த பிரிவினை அருங்காட்சியகமும் இப்படிப்பட்ட காகிதங்களையும் பொருட்களையும் வாங்கிப் பாதுகாக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்பது மாமனார் சொல்ல வேண்டியது. மறுவாழ்வு அமைச்சகத்தின் பழைய கோப்புகள் டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடும்பம் விரும்பினால் தேடலாம். அதற்கு நான் கூட வருகிறேன், கட்டணம் வேண்டாம்.

காகிதங்களை லேமினேட் செய்துவிடாதீர்கள், பலர் அப்படித்தான் கெடுக்கிறார்கள். செல்லோடேப்பும் ஒட்ட வேண்டாம். மடிப்பை மெதுவாக விரித்து, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணிக்குள் தட்டையாக வைத்து, அலமாரியில் ஈரம் படாத தட்டில் வையுங்கள். பூச்சி உருண்டையைக் காகிதத்தின் மேலேயே போடக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த மனுவின் கீழ்ப்பகுதி மடிப்புக்குள் இருக்கிறது. உங்கள் படத்தில் ஒன்றரை வரி தெரியவில்லை. லாபதா என்பதற்குக் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில் யாரோ பின்னால் ஏதோ எழுதியிருக்கிறார்கள். தேதியின் ஒரு பகுதி மட்டும் தெரிகிறது, 1951 என்று. மனுவை அவசரமில்லாமல் பகல் வெளிச்சத்தில் விரித்து, இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். படித்து உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், இந்தப் பக்கத்தில் வராது.